ஊசிக்கு முன் ஒரு கேள்வி

அன்பானவளே,

நீயும் அம்மாவும் சுகமா? உன் இருமல் நின்றதா?

எனக்குச் சோர்வு மட்டும் விடவில்லை. கிடங்கில் மதியத்துக்குள் கை தளர்ந்துவிடுகிறது. ஆண் ஹார்மோன் குறைவு என்று, முதலில் பார்த்த மருத்துவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஊசி எழுதினார். மனம் ஒப்பவில்லை. கிடங்கின் டிரைவர் விவரம் தெரிந்த வேறொருவரிடம் அழைத்துப் போனார்.

இவர் காலையில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். குறைவுதான். பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"குழந்தை இருக்கா?"

"இனிமேதான்."

"அப்ப யோசிங்க. ஊசி போட்டா உடம்பு தேறும், ஆனா விந்தணு நின்னுபோகலாம். மாத்திரைன்னா அந்தப் பயம் இல்ல, மெதுவாத்தான் கேக்கும். வீட்ல யாரு முடிவெடுப்பாங்க?"

"அவதான்."

"அப்ப கேட்டுட்டு வாங்க."

டிரைவர் வழியெல்லாம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே ஊசி போட்டிருந்தால் உன்னிடம் என்ன சொல்லியிருப்பேன்?

அம்மாவிடம் சொல்லிவிடு, குறை என்னிடம்தான். இனி குழந்தை இல்லையென்று உன்னை எந்த மருத்துவரிடமும் இழுத்துப் போக வேண்டாம்.

ஒரு போர்வை அனுப்பு. புதிது வேண்டாம், நீ போர்த்தியது போதும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஊசியா மாத்திரையா என்று முதல் வரியிலேயே எழுது. நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

உன்னவன்