மரச்சுவரில் ஒரு பென்சில் கோடு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம்தானே? மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

நாங்கள் கட்டிய பொதுக்கூடம் முடிந்துவிட்டது. சிமெண்ட் தூணே கிடையாது. பலகைகளைப் பசை போட்டு அடுக்கி அழுத்திய, சாண் கனமுள்ள மரச்சுவர்கள்தான். வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் பதிலாகக் கன்று நட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் நம் கல்யாணத்துக்கு வாங்கிய மரபீரோவைத் திறந்ததுபோல் வாசம்.

நேற்று அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். ஒருவர் தன் மகளைச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டுவிட்டார். மேஸ்திரி கொதித்துப்போனார்.

"நாளைக்கு ஒப்படைக்கணும். உடனே தேய்ச்சு எடும்மா!"

உப்புத்தாளோடு போனேன். அந்தக் குட்டி கேட்டாள்: "அழிச்சிட்டா, அடுத்த வருஷம் நான் எவ்வளவு வளர்ந்தேன்னு எப்படித் தெரியும்?"

உப்புத்தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "இருக்கட்டும் மேஸ்திரி. இவங்களுக்காகத்தானே கட்டினோம்?" என்றேன்.

முறைத்தார். பிறகு, "சரி, மேல வார்னிஷ் பூசிடு. அழியாம இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பூசும்போது கண்ணில் மரத்தூள் விழுந்து கொஞ்ச நேரம் கரித்தது, வேறொன்றுமில்லை.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நான் இங்கே வேலைக்கு வந்து இரண்டு வருஷமாகிறது, போனில் பார்த்தால் பாப்பாவின் உயரம் பிடிபடவில்லை. அவளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, உச்சி முதல் பாதம்வரை நூலால் அளந்து, அந்த நூலை வெட்டிப் பதில் கடிதத்தில் வையுங்கள். சட்டை தைக்கத்தான். எக்கி நிற்பாள், கள்ளி; குதிகாலைக் கவனியுங்கள்.

வேலைக்குக் கூட்டிப்போக வந்த வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

பாப்பாவின் அம்மா