துணை அட்டை

பிப்ரவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே இருவரும் நலம். உன் அண்ணனின் முழங்கால் மட்டும் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது.

பேருந்துப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டாயே, "அண்ணி, ரெண்டு கார்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? எதைத் தேய்ச்சா என்ன?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நடத்துனர் விசில் ஊதிவிட்டார். போனில் சொல்லலாம் என்றால் உன் அண்ணன் நடுவில் புகுந்து, "கிரெடிட் கார்டா? அதுக்கு வீட்டுக்குள்ள ஒரு பாம்பை விட்டுக்கலாம்" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் கடிதம்.

டெபிட் கார்டைத் தேய்த்தால் உன் கணக்கில் இருக்கும் உன் பணம் அந்த நொடியே போகும். கிரெடிட் கார்டில் போவது வங்கியின் பணம். பில் வந்ததும் நீ திருப்பிக் கட்டவேண்டும். நான் பாடம் நடத்தும் பள்ளியின் நூலகத்தை நினைத்துக்கொள். சொந்தப் புத்தகத்தை மட்டும் படிக்கிற பெண்ணை நூலகருக்குத் தெரியாது. எடுத்த புத்தகத்தைத் தேதி தவறாமல் கொண்டுவந்து வைக்கிறவளை நன்றாகத் தெரியும். அவள் ஒருநாள் பெரிய அகராதியைக் கேட்டாலும் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பார்.

உனக்கு வேண்டிய அகராதி அந்தச் சலவைக் கடை. முதலாளி அடுத்த வருடக் கடைசியில் கடையை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறார், முதலில் உன்னைத்தான் கேட்பார் என்றாய். இத்தனை வருடம் நீ நின்று நடத்திய கடை. வேறு யாராவது வாங்கினால் உன்னை வைத்துக்கொள்வார்களோ என்னவோ. வங்கிக் கடன் இல்லாமல் அதை நீ வாங்க முடியாது. வங்கியும் அந்த நூலகர் மாதிரிதான், வாங்கித் திருப்பிக் கட்டிப் பழகியவளுக்குத்தான் கொடுக்கும்.

அதனால் என் கிரெடிட் கார்டோடு உனக்கும் ஒரு துணை அட்டை வாங்கிவிட்டேன். உறைக்குள் இருக்கிறது. மளிகைக்கும் மருந்துக்கும் இதையே தேய். மாதாமாதம் பணத்தை எனக்கு அனுப்பு, நான் கட்டிவிடுகிறேன். நான் இருக்கிறேன், பயப்படாதே.

உன் அண்ணி

*

செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த உறையில் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். பதறாதீர்கள். உங்கள் துணை அட்டையை நான்தான் வெட்டினேன்.

நேற்று வங்கிக்குப் போயிருந்தேன். கடன் பிரிவு அதிகாரி எங்கள் கடை வாடிக்கையாளர். சட்டைப்பையில் பேனாவைத் திறந்தபடி செருகிக்கொண்டு என் பிழைப்பைக் காப்பாற்றுகிறவர். கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா."

"நல்லதுதானே சார்? நான் யாருக்கும் பாக்கி வெச்சதில்ல."

"கெட்ட பேர் இல்லம்மா. ஆனா நல்ல பேரும் இல்ல. பேரே இல்ல."

"இத்தனை மாசமா கார்டு தேய்ச்சுக் கட்டறேனே சார்!"

"அது உங்க அண்ணி கார்டோட துணை அட்டை. கட்டினதெல்லாம் அவங்க கணக்குல ஏறியிருக்கு."

அண்ணி, புத்தகத்தை எடுத்தது நான். திருப்பிக் கொடுத்தது நான். நூலக அட்டை மட்டும் உங்களுடையது.

என்னைக் கட்டிய அந்த மனிதரோடு இருந்தபோதும் இதே கதைதான். வாடகை, மின்சாரம், கேஸ் எல்லாம் என் சம்பளத்தில் போனது, எல்லாம் அவர் பெயரில் பதிவானது. கிளம்பி வந்தபோது பெட்டியை எடுத்து வந்தேன், பெயரை அங்கேயே விட்டுவிட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் கடைக்கு வந்து நீராவி இஸ்திரிக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன். யார் பார்த்தாலும் ஆவி என்று நினைத்துக்கொள்வார்கள், அது ஒரு வசதி.

பிறகு மறுபடி வங்கிக்குப் போய், என் வைப்புத்தொகையை ஈடாக வைத்து, என் பெயரிலேயே ஒரு கிரெடிட் கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் வாயாடி

*

செப்டம்பர் 20

அன்புள்ள வாயாடிக்கு,

துண்டுகளைப் பார்த்ததும் என் முகம் சுருங்கியது உண்மை. உன் அண்ணன், "என் தங்கச்சியாச்சே" என்று சிரித்தார். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. என் உதாரணத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டாய். வகுப்பில் யாரும் அதைச் செய்ததில்லை.

சொந்தக் கார்டு வந்ததும் என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போட்டிருக்கும். அதைக் கட்டினால் போதும் என்று நினைத்துவிடாதே, மீதிக்கு வட்டி ஏறும். முழுசாகக் கட்டு. வரம்பு முழுவதையும் தொடாதே, மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள். பார்ப்பவர்களுக்கு நீ கஷ்டத்தில் இருப்பதாகத் தோன்றக் கூடாது. முக்கியமாக, அந்தக் கார்டை வைத்து மெஷினில் ரொக்கம் எடுக்காதே. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். ரொக்கம் வேண்டுமென்றால் டெபிட் கார்டு இருக்கிறது.

உன் அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். போடச் சொல்லட்டுமா?

உன் அண்ணி

*

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

ஜாமீன் வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். இப்போதும் அதே பதில்தான்.

அந்த மனிதர் போன வாரம் கடைக்கு வந்தார். கசங்கிய சட்டை ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். அது சாக்கு.

"உங்கிட்ட கார்டு இருக்காமே? கொஞ்சம் ரொக்கம் எடுத்துக் கொடேன். அடுத்த மாசம் தந்துடறேன்."

"என் பேர்ல இருக்கற கார்டு அது."

"அதான் கேக்கறேன்."

"அதான் இல்லங்கறேன். சட்டை வியாழக்கிழமை ரெடியாகும். காசு முன்னாடியே கட்டணும்."

கட்டிவிட்டுப் போனார் அண்ணி! காலரில் சீட்டை இரண்டு தடவை குத்தவேண்டியிருந்தது. இஸ்திரி மட்டும் நேராகவே விழுந்தது.

மாதாமாதம் பில் வந்ததும் முழுசாகக் கட்டுகிறேன். ஆனால் முதலாளி இன்னொருவரிடமும் விலை பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் எனக்குப் பெயர் வந்துவிடுமா?

உங்கள் வாயாடி

*

நவம்பர் 3

அண்ணி!

வந்துவிட்டது! நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

அதே அதிகாரி, அதே கம்ப்யூட்டர். இந்தத் தடவை என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் கிடந்த அவர் பேனாவுக்கு மூடி போட்டேன். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"ஒரு தவணைகூட தவறலையேம்மா."

"ஜாமீன் யாரு சார் வேணும்?"

"யாரும் வேண்டாம். உங்க பேரே போதும்."

அண்ணி, அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவரும் சொன்னார், நல்ல மனிதர். இனி அவர் சட்டையில் மை பட்டால் இலவசம் என்றேன். "அப்போ தினமும் வருவேன்" என்கிறார்.

முதலாளி சாவியை நேற்றே என் கையில் கொடுத்துவிட்டார். "இன்னொருத்தர் அதிகமாத்தான் கேட்டார். ஆனா அவருக்குத் துணியைப் பத்தி ஒண்ணும் தெரியல. நீயும் வங்கிக் கடிதத்தோட வந்து நின்ன, அப்புறம் நான் எதுக்கு யோசிக்கணும்?" என்றார். இன்று காலை ஷட்டரைத் தூக்கியது நான். எப்போதும் நான்தான் தூக்குவேன். ஆனாலும் இன்று கனமே இல்லை.

உங்கள் கடைக்காரி

*

நவம்பர் 11

அன்புள்ள கடைக்காரிக்கு,

உன் கடிதத்தை எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. திறக்கட்டும்.

இங்கே ஒரு கூத்து. உன் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார்: "போன வருஷம் நானும் வங்கிக்குப் போனேன். அவளுக்குத் தெரியாம ஜாமீன் போட்டுடலாம்னு."

"என்ன சொன்னாங்க?"

"பேரே இல்லன்னுட்டாங்க."

வாழ்நாள் முழுவதும் ரொக்கமாகவே கொடுத்து நிமிர்ந்து நடந்த மனிதர், ஒரு வருடமாக இதை என்னிடம்கூடச் சொல்லாமல் மென்று விழுங்கியிருக்கிறார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கச்சி கார்டுல எனக்கு ஒரு துணை அட்டை கிடைக்குமான்னு கேளேன்" என்றார்!

"துணை அட்டையெல்லாம் ஆகாதுங்க. உங்க பேர்ல சொந்தமா எடுங்க" என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் படித்த பாடம். திங்கட்கிழமை முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டு வங்கிக்குக் கிளம்புகிறார்.

நீ வெட்டிய அட்டையின் இரண்டு துண்டுகளும் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில்தான் இருக்கின்றன. யாருக்காவது உதவி செய்யத் துடிக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். இது கிடைத்ததும் வங்கிக்குப் போய், நீ வாங்கியதும் கட்டியதும் பதிவாகியிருக்கும் உன் கடன் அறிக்கையைக் கேட்டு வாங்கு. முதல் வரியில் இருக்கும் பெயரைச் சத்தமாகப் படி.

உன் அண்ணி