உங்கள் இன்ஷியல்

மாமா,

சிதம்பரத்தில் கல்லூரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹால் டிக்கெட் கேட்டதற்கு, "படிப்பு வேணாம்னு நீயே எழுதி அனுப்பியிருக்கியேம்மா" என்று கிளார்க் அக்கா ஒரு கடிதத்தை நீட்டினார். 'குடும்பச் சூழ்நிலை' என்று உங்கள் கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழே என் பெயர்!

பி.எஸ்சி. இயற்பியலுக்கு இன்னும் இரண்டு தாளும் ஒரு லேப்பும்தானே பாக்கி? கடலூரில் உங்களுக்குச் சோறாக்கி வைத்துவிட்டுத்தானே தினமும் பஸ் ஏறினேன்? பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு?

என் பெயருக்கு முன்னால் உங்கள் இன்ஷியலைப் போட்டிருக்கிறீர்கள். நமக்குக் கல்யாணம் ஆன பிறகும் கல்லூரிப் பதிவேட்டில் நான் அப்பா இன்ஷியலில்தான் இருக்கிறேன். அக்கா ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இது செல்லாதும்மா, நீ போய் லேப்புக்குப் படி" என்றார்.

செவ்வாய்க்கிழமை லேப் தேர்வு. அதுவரை அம்மா வீட்டில் இருப்பேன். உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அப்பா இன்ஷியலிலேயே பட்டம் வாங்கப்போகிறவள்