ஈரல் தின்ற நாய்கள்

குளிர் நாட்டில் மீன் வயிற்றைக் கிழித்துப் புழு தேடிக்கொண்டிருக்கும் கணவனுக்கு, அதே வேலையை வியர்வையோடு செய்துகொண்டிருக்கும் மனைவி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். போனில் நான் நாய்ப் பேச்சை எடுத்த உடனே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அத்தை முழங்கால் வலியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அரை மணி நேரம் தெளிவாகக் கேட்கிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். காகிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

அத்தைக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. மாத்திரையைவிட நீ அனுப்பிய பனிப்படம்தான் காரணம். அதைக் காட்ட நாலு தெரு நடக்கிறார். "எங்க பையன் புழுவைப் படிச்சே பிளேன் ஏறிட்டான்" என்று துணி தேய்ப்பவரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஒழுகுறது குழாயோட சுபாவம்மா" என்கிறார். இந்த ஊரில் எல்லாரும் தத்துவம் பேசக் கற்றுக்கொண்டார்கள், பழுது பார்க்கத்தான் ஆளில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பெயர் இப்போது சந்தை வாசலில் சுவரொட்டியாக ஒட்டப்பட்டிருக்கிறது. பெரிய எழுத்து. 'ஆடுகளைக் கொல்லும் ஈரல் புழு நாய்களால் பரவுகிறது: ஆராய்ச்சியாளர் கண்டுபிடிப்பு' என்று தலைப்பு. கீழே நம் கட்டுரையின் பெயர், முதல் ஆசிரியராக நீ, உனக்குப் பின்னால் அடக்க ஒடுக்கமாகத் துறைத்தலைவர். தெருநாய்களை நகராட்சி வேன் பிடித்துக்கொண்டிருக்கிறது. வளர்ப்பு நாய்களை, முக்கியமாக ஆடு வைத்திருப்பவர்களின் காவல் நாய்களை, அவர்களே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். மாதக் கடைசி வரை கெடு. ஒப்படைத்த நாய்க்கு ஓர் ஊசி. அவ்வளவுதான்.

முப்பது வருஷ சர்வீசில் எந்தக் கட்டுரையிலும் தன் பெயரை இரண்டாவதாகப் போடாத மனிதர் உனக்கு முதலிடம் கொடுத்தபோது, பெருந்தன்மை என்று சொல்லி நீ இனிப்பு வாங்கி வந்தாய். மழை வருமென்று தெரிந்தவன் அடுத்தவனை முன்னால் நடக்கவிடுவதற்குப் பெயர் பெருந்தன்மை இல்லை. அவருக்கு நீ வைத்த 'நாடாப்புழு' என்ற பட்டமும் தப்பு. நாடாப்புழுவுக்கு வாயே கிடையாது. இவருக்கு வாயைத் தவிர ஒன்றும் கிடையாது.

உனக்குத் தெரிந்ததைத்தான் மறுபடி எழுதப்போகிறேன். தெரிந்தவன் மாதிரி நீ நடந்துகொள்ளாததால் எழுத வேண்டியிருக்கிறது. ஆட்டின் ஈரலில் இருக்கும் தட்டைப்புழு முட்டையிடும். முட்டை புழுக்கையோடு வெளியே வந்து தண்ணீரில் விழும். அதில் பொரிக்கும் குஞ்சு வாய்க்கால் நத்தைக்குள் புகுந்து வளர்ந்து, வெளியேறி, கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லைத் தின்கிற ஆடு தாடை வீங்கிச் சாகும். ஆடு, நத்தை, புல். இந்த வட்டத்தில் நாய்க்கு வேலையே இல்லை.

பிறகு நாயின் மலத்தில் அந்த முட்டை எப்படி வந்தது? புழுப்பிடித்த ஈரலை நாய் தின்றது, வந்தது. ஈரலோடு உள்ளே போன முட்டை நாயின் குடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே வெளியே வருகிறது. பேருந்தில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவனை டிரைவர் பெற்ற பிள்ளை என்று யாராவது எழுதுவார்களா? நாம் எழுதினோம். ஆய்வுப் பத்திரிகையும் போட்டது.

அந்த நாய் மலத்தை எங்கே சேகரித்தாய் என்று நினைவிருக்கிறதா? இறைச்சிக்கூடத்தின் பின்சுவர் ஓரம். காலையில் நாய்கள் எல்லாம் அங்கேயே கூடும், தெருத்தெருவாக அலைய வேண்டாம், ஸ்கூட்டரை நிறுத்தினால் ஒரே இடத்தில் டப்பாக்கள் நிறைந்துவிடும். நான் பின்னால் உட்கார்ந்து மூடி போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலிருந்து ஒரு ஈரல் வந்து விழுந்ததும் நான்தான் சொன்னேன், இந்த நாய்களைக் கூண்டில் வைத்து, ஈரல் கொடுக்காமல், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று. "விசா வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாய். விசா வந்தது. நீ போனாய். அப்புறம் மட்டும் வரவே இல்லை.

நான் பார்த்தேன். போன மாதம் அதே சுவரோரத்து நாய்கள் மூன்றைப் பிடித்து, நம் ஆய்வகத்தின் பழைய முயல் கூண்டில் வைத்து, சோறும் பாலும் போட்டேன். முதல் நாள் மலத்தைக் கரைத்து, தேநீர் வடிகட்டியில் வடித்து, வண்டலில் நீலச்சாயம் விட்டுப் பார்த்தால் நீலத்துக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாக முட்டைகள். வார முடிவில் நீலம் மட்டும்தான். மூன்று நாய்களிலும்.

துறைத்தலைவரைக் கூட்டிவந்து மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றார். அதுதான் சார் முடிவு என்றேன். "ஒண்ணுமே தெரியாததை எப்படிம்மா வெளியிடறது?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்த ஆள் கையெழுத்து இல்லாமல் நாலு ஊரில் ஒருவரும் பட்டம் வாங்க முடியாது.

ஆய்வகத்துக்குப் புது குளிர்ப்பெட்டி வந்திருக்கிறது. இறைச்சிக்கூடக் காண்டிராக்டர், நீ 'கொக்கிப்புழு' என்று பட்டம் வைத்த அதே ஆள், அன்பளிப்பாகக் கொடுத்தது. கதவில் அவர் பெயர் பெரிதாக, துறையின் பெயர் சின்னதாக. நோய்ப்பட்ட ஈரலை எரிக்க வேண்டுமென்று விதி. எரிக்க ஆள் வேண்டும், எண்ணெய் வேண்டும். சுவருக்கு மேலே எறிய ஒரு கை போதும். அப்படி எறிந்ததை நாய் தின்றது. தின்ற நாய் குற்றவாளி, எறிந்தவர் கொடையாளி. திறப்பு நாளில் அவர் என்னிடம், "உங்க வீட்டுக்காரர் போன இடத்துலயும் எங்க பேரைச் சொல்லுவாருன்னு நினைக்கிறேன்" என்று சிரித்தார். பல் எல்லாம் தங்கம். நாக்குக்கு முலாம் பூச வழி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சுகாதார அதிகாரியிடமும் போனேன். நத்தை இருப்பது வாய்க்காலில், ஆடு சாவது வாய்க்கால் கரையில், இறைச்சிக்கூடத்தின் சாக்கடை திறப்பதும் அதே வாய்க்காலில் என்று படம் வரைந்து காட்டினேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாய்க்காலைத் தூர்வாரணும்னா வருஷக்கணக்காகும்மா. நாயைப் பிடிக்க ஒரு வேன் போதும். ஜனங்களுக்கும் ஏதோ நடக்குதுன்னு தெரியும்" என்றார். நேர்மையான மனிதர் என்று வேண்டுமானால் சொல்லலாம். என் தாளிலேயே டீக்கடைக்காரனுக்கு எத்தனை டீ என்று எழுதி அனுப்பினார்.

இவர்களைப் பற்றி எழுதுவது எனக்குச் சிரமமில்லை. அடுத்ததுதான் சிரமம்.

வாய்க்கால் திருப்பத்தில் பட்டி போட்டிருக்கும் ஆட்டுக்காரரை உனக்குத் தெரியும். நீ ஆட்டுப் புழுக்கை எடுக்கப் போனபோதெல்லாம் மோர் கொடுத்தவர். அவரிடம் இரண்டு நாய்கள். கிழ நாய் ஒன்று, அதன் குட்டி ஒன்று. குட்டி என்றாலும் இப்போது இடுப்புயரம். போன வாரம் கிழநாயை வேனில் ஏற்ற அவரே நடத்திக் கூட்டிவந்தார். கயிறுகூடப் போடவில்லை. அவர் உட்காரச் சொன்னார், அது உட்கார்ந்தது. ஊசி போடுகிறவன் வருகிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தது. அவர் எதிர்த் திசையில் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார். பற்றவைத்துவிட்டு இழுக்க மறந்துபோனார்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். நாய் காரணமில்லை, நத்தை, வாய்க்கால் புல் என்று மூச்சுவாங்கச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார், "சுவத்துல உங்க வீட்டுக்காரர் பேர்தானேம்மா மேல இருக்கு?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

"அவர் என் கண்ணு முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு புழுக்கை பொறுக்கினவரும்மா. கோட்டு போட்டு உக்காந்துகிட்டுச் சொல்றவங்க பேச்சுன்னா நானே நம்ப மாட்டேன். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

இதைப் படித்ததும் உனக்குப் பெருமையாக இருந்தால் கடிதத்தை இங்கேயே மூடிவிடு.

குட்டியை மாதக் கடைசியில் கொண்டுவருவாராம். அது வரைக்கும் பட்டிக்குக் காவல் வேண்டுமென்று வைத்திருக்கிறார். என்னிடம் கொடுங்கள், நான் கூண்டில் வைத்து நிரூபிக்கிறேன் என்று கெஞ்சினேன். "நோய் நாயை உங்க வீட்டுல விட்டா அந்தப் பாவம் எனக்கு வேணாம்மா. வயசான அம்மா வேற இருக்காங்க" என்று மறுத்துவிட்டார். அவர் பயப்படுவது நமக்காக. கிழநாய் போன பிறகு பட்டியில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் திருட்டுப் போயின. தாடை வீங்கி மூன்று செத்தன. குட்டி நாயும் போய்விட்டால் பட்டியைக் கலைத்துவிட்டுக் கூலிக்குப் போவதாகச் சொல்கிறார். எங்கே கூலிக்கு என்று கேட்டேன். இறைச்சிக்கூடத்தில்தான்.

நான் அந்த ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதாமல் இல்லை. பதில் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற முதல் ஆசிரியர்தான் எழுத வேண்டுமாம். நான் நன்றியுரையில் மட்டும் இருக்கிறேனாம், 'டப்பாக்கள் சேகரிப்பில் உதவியவர்' என்று. நகராட்சியிலும் அதே பாட்டு. துறைத்தலைவரிடம் கேட்டதற்கு, "முதல் ஆசிரியர் எழுதினா அன்னைக்கே ஊசியை நிறுத்திடலாம்மா. எழுதுவாரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். உன்னை அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்கவே விரும்புகிறேன்.

"இங்க வேலை நிலையாகட்டும்" என்றாய் கடைசியாகப் பேசியபோது. நிலையாகும். உன் மீன்களுக்கு அவசரமில்லை. தப்பு என்று எழுதினால் அங்குள்ள உன் பேராசிரியர் முகம் சுளிப்பார், இடம் போனாலும் போகலாம். போனால் வா. மீன் வயிறு இங்கேயும் கிடைக்கும். குழாயையும் பழுது பார்க்கலாம்.

எனக்காக நீ அனுப்பிய விசாத் தாள்கள் வந்து சேர்ந்தன. அத்தை இரண்டு முறை நினைவுபடுத்தினார். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். கணவனின் தொழில் என்ற இடத்தில் 'ஒட்டுண்ணி ஆராய்ச்சியாளர்' என்று எழுத வேண்டும். அந்த ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. கையெழுத்தும் இன்னும் போடவில்லை. மேசையில்தான் கிடக்கிறது, மேலே உப்புப் புட்டியை வைத்திருக்கிறேன், பறக்காமல் இருக்க.

கூண்டிலிருந்த மூன்று நாய்களையும் வேன்காரனுக்குத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதலில் திட்டிய அத்தை இப்போது பால் ஊற்றுகிறார். அதில் ஒன்று நீ விட்டுப்போன செருப்பின் மேல் தலைவைத்துத் தூங்குகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. உன்னைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அங்கே பனி அதிகம் என்கிறாய். காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. கையுறை இல்லாமல் வெளியே போகாதே. கையை முக்கியமாகப் பார்த்துக்கொள், மாதக் கடைசிக்குள் அது இரண்டு வரி எழுத வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் உன் பெயரால் அறியப்படுகிறவள்.