சத்தமில்லாத வீடு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நம் பின்னறையில் நிலநடுக்கக் கருவி வைத்திருக்கிறார்கள். முன்பு எங்கோ தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சின்ன அதிர்வெல்லாம் அங்கே போய்ச் சேருமுன் அடங்கிவிடுமாம். இப்போது ஊருக்கு ஊர் வைத்தபின், நம் தெருவுக்கு அடியிலேயே அடிக்கடி பூமி ஆடுவது தெரிகிறதாம்.

பாப்பாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று பூமி ஆடித்தான் சுவர் பிள்ளைமேல் விழுந்தது என்று நான் சொன்னதற்கு, மச்சான் எல்லார் முன்னாலும் கேட்டார்: "பூமி எங்க ஆடுச்சு? ஒண்ணுமே பதியலன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. கொத்தனாரு கட்டின சுவரு லட்சணம் அப்படி." நீயும் அவரோடு கிளம்பிப் போய்விட்டாய்.

அவரைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன, சுவரைக் கட்டியவன் நான்தான்.

ஆள் நடந்தாலே கருவியில் பதிந்துவிடுமாம். அதனால் தெரு முழுக்கச் சோதித்துவிட்டு, "இப்படிச் சத்தமில்லாத வீடு கிடைக்காதுங்க. குடுத்து வச்சவர் நீங்க" என்றார் பொறியாளர். நானும் சிரித்துவைத்தேன். பாப்பா ஓடித்திரிந்த நாளில் வந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார்.

நீ வந்துவிட்டால் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும்.

மெதுவாக நடக்கப் பழகிவிட்ட,
உன் வீட்டுக்காரன்