கோல் வாசலில் ஊற்றிய தண்ணீர்

செப்டம்பர் 6

அன்புள்ள தையல்காரிக்கு,

புல் நலம். என் முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது. சீசன் தொடங்கி முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டோம். இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான். வாங்கிய மறுநாளே மைதானத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு உன்னிடம் வந்துவிடுவேன். போன வருஷமும் இதையேதான் எழுதினேன் என்று பல்லைக் கடிக்காதே. ஒரு புள்ளி குறைந்துபோனதற்கு நான் என்ன செய்ய?

உன் புல்வெட்டி

செப்டம்பர் 19

மைதானத்தையே கட்டிக்கொண்டவருக்கு,

போன வருஷம் ஒரு புள்ளி, அதற்கு முந்தின வருஷம் ஒரு கோல். நான் இங்கே கடை போட்டு மூன்று வருஷம் ஆகிறது. நானே வெட்டி, நானே தைத்து, நானே ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வந்து ஒருத்திக்காக உலை வைக்கிறேன். எதிர்வீட்டு டீச்சர் நேற்று, "உங்களுக்கு வீட்டுக்காரர் இருக்கார்ங்கிறது நிஜந்தானா?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். உள்ளே வந்து அழுதேன். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் மனைவி (நிஜந்தான்)

மார்ச் 30

என் கோபக்காரிக்கு,

ஆறு ஆட்டம் பாக்கி. முதலிடத்தில் இருக்கிறோம்! இங்கே நம் சோபாவில் கால் வெளியே நீட்டித் தூங்குவானே, கோல்கீப்பர் நெட்டையன், அவன் ஒன்பது ஆட்டமாக ஒரு கோல்கூட விடவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டேன்.

புல்வெட்டி

மே 18

அன்புள்ளவளுக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். ஜெயித்தால் கோப்பை என்ற ஆட்டம். ஒரு கோல் முன்னால் இருந்தோம். கடைசி நிமிஷத்தில் நெட்டையன் வழுக்கி விழுந்தான், பந்து உள்ளே போனது. ஆட்டம் சமன். மறுபடியும் ஒரு புள்ளியில் இரண்டாமிடம். எல்லோரும் அவனைத் திட்டுகிறார்கள். அவன் வீட்டுக் கதவில் பெயிண்டால் அசிங்கமாக எழுதியிருக்கிறார்கள்.

பேப்பரில் வராதது ஒன்று உண்டு. இடைவேளையில் மைதானத்தை நனைப்பது என் வேலை. எல்லா இடத்துக்கும் ஒரே அளவுதான் விடுவேன், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அன்றைக்கு நாம் காக்க வேண்டிய கோல் வாசலில் மட்டும் இன்னும் இரண்டு நிமிஷம் குழாயைப் பிடித்தேன். எதிராளியின் வேகம் அங்கே குறையட்டும் என்று நினைத்தேன். நம் ஆளும் அங்கேதான் நிற்பான் என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. உன்னிடம் வந்து சேர வேண்டும் என்ற அவசரம்.

யாருக்கும் தெரியாது. எந்த முகத்தோடு அங்கே வருவேன்? இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்.

நான்

மே 23

என்னவருக்கு,

நாலு தரம் படித்தேன். கோபம் வந்தது. தண்ணீருக்காக இல்லை. எனக்கு எழுதியதை அந்த நெட்டையனிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். பாவம், அவன் என்ன செய்தான்?

கோப்பையோடு வருகிறேன் என்றது நீங்கள். நான் ஒரு நாளும் கோப்பை கேட்கவில்லை. தோற்றுப்போய் வந்தால் கதவைத் திறக்கமாட்டேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? 'இன்னும் ஒரு வருஷம்' என்று இனி எழுதினால் பதில் போடமாட்டேன்.

உங்கள் மனைவி

மே 30

என் கண்ணுக்கு,

நெட்டையனிடம் சொன்னேன். "பத்து நாளா என் காலை நானே திட்டிட்டு இருந்தேண்ணே" என்றான். அப்புறம் என்னைத் திட்டினான், நன்றாகவே திட்டினான். வாங்கிக்கொண்டேன். கையோடு அவனைக் கூட்டிப்போய் கிளப் செயலாளரிடமும் பேப்பர்காரர்களிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

செயலாளர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, போனது போகட்டும், அடுத்த வருஷம் நிச்சயம் ஜெயிப்போம், இருந்துவிடுங்கள் என்றார். 'சரி' என்பது வாய்வரைக்கும் வந்துவிட்டது, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். "வீட்டுல அவ தனியா இருக்கா சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வியாழன் மதியம் ரயில் வந்து சேரும். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டும். இத்தனை வருஷமும் நீதான் இங்கே வந்துபோனாய். அங்கிருந்து நம் வீட்டுக்கு எப்படி வருவது என்று எனக்குத் தெரியாது.

உன் வீட்டுக்காரன்