மொட்டைமாடியில் நீ மாற்றி வைத்த ஆன்டெனா

கூடப் பிறந்த பாசத்தோடு என் அண்ணனுக்கு,

நேற்று உனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உன்னிடம் சுற்றி வளைப்பானேன்? உன்னைக் கொன்றது பக்கத்து வீட்டுப் பங்காளி ஏழுமலை இல்லை. உன் வயிற்றெரிச்சலும் நான் மாட்டிய பெட்டியும்தான்.

மூலக்குளத்தில் ஆன்டெனாவும் கேபிளும் விற்றே மாடிவீடு கட்டியவன் நான். உன் கரையாம்புத்தூர் வீட்டுக்குள் போனில் சிக்னல் எடுக்கவில்லை என்றாய். லைசென்ஸ் இல்லாத சிக்னல் பூஸ்டர் பெட்டி என்று தெரிந்தேதான் மாட்டினேன். மாடிக் கம்பத்தில் டவரைப் பார்த்தபடி ஒரு ஆன்டெனா. அது பிடிக்கிற சிக்னலைக் கேபிள் பெட்டிக்குக் கொண்டுவரும். பெட்டி பெருக்கிக் கொடுப்பதை ஹாலில் உள்ள சின்ன ஆன்டெனா வீடெங்கும் பரப்பும். நீ பேசுவதும் அதே வழியில் திரும்பிப் போகும்.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கக் கூடாதுணா. நடுவுல தளம் இருக்கணும். இல்லனா ஸ்பீக்கர் முன்னாடி மைக்க வெச்சா கத்துமே, அப்பிடி ஆயிடும்" என்று சொன்னேனா, இல்லையா?

ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டாய்.

"ஏண்டா, ஏழுமல வூட்டுப் பசங்க நம்ம ஹால் செவுத்தாண்ட குந்திக்கினு ஓசியில படம் பாக்குதுங்கடா."

"பாத்துட்டுப் போவட்டும். உனக்கு இன்னா கொறையுது?"

"என் சிக்னல்டா அது!"

கிணறா அது, அவன் இறைத்தால் உனக்கு வற்றிப்போக?

மறுநாள் காலையிலேயே சின்ன ஆன்டெனாவைக் கழற்றி, மாடியில் நீ படுக்கும் கீற்றுக் கொட்டகைக்குக் கொண்டுபோனாய். கம்பத்துக்கு நேர் கீழே. மிச்சக் கேபிளை வெட்டித் தோட்டத்தில் எறிந்தாய். பெட்டி தன் குரலையே வாங்கித் திரும்பத் திரும்பக் கத்தியது. காதுக்குக் கேட்காத கத்தல். அதில் உங்கள் தெருப் போன் எதுவும் டவருக்குக் கேட்கவில்லை.

அன்று மதியமே உனக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்சுக்கு அண்ணி அடித்த போன் போகவில்லை. அலறல் கேட்டு ஓடிவந்த ஏழுமலையின் போனும் போகவில்லை. வரப்புத் தகராறில் எட்டு வருடமாக நீ முகம் பார்க்காதவன், பைக்கை எடுத்துக்கொண்டு பாகூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். ஆம்புலன்சோடு வந்தபோது நீ இல்லை.

நான் வந்து கொட்டகையைப் பார்த்ததுமே புரிந்தது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் எழவுக்கு வந்தவர்களின் போனெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன.

"இருந்த வரிக்கும் வுடல, பூட்டான், சிக்னலு வந்துடுச்சி பாரு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பெட்டியைத் துண்டில் சுற்றிக் கார் டிக்கியில் ஒளித்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அண்ணி தோட்டத்தில் அந்தக் கேபிள் துண்டைக் கண்டெடுத்தார். ஏழுமலைதான் அதை அறுத்துப் போன் போகாமல் செய்தான் என்று ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறார். "நாளைக்கு நீங்க வந்து சொல்லுங்க தம்பி, உங்களுக்குத்தான் ஒயரு வெவரம் தெரியும்" என்கிறார். நான் தலையாட்டினால் போதும். அவன் கம்பி எண்ணுவான், என் கடை பிழைக்கும். உனக்கும் அதுதானே பிடிக்கும்?

உன் ஆசை நடக்காது அண்ணா. நாளைக் காலையில் பெட்டியை ஸ்டேஷன் மேசைமேல் வைப்பேன். மாட்டியவன் நான், மாற்றியவனும் அறுத்தவனும் என் அண்ணன் என்பேன். கடையைப் பூட்டினால் பூட்டட்டும். அண்ணி இனி என் முகத்தில் விழிக்க மாட்டார். ஊர் உன் பெயரைச் சொல்லிக் காறித் துப்பும், துப்பட்டும். ஏழுமலை ராத்திரி அவன் வீட்டில் படுப்பான். இது உன்மேல் சத்தியம்.

உனக்குக் கொள்ளிவைத்த கையால் இதை எழுதும்,
உன் தம்பி